நெருப்புப் பெட்டிக் கடைகளுக்குள் தண்ணீர்

வெயில் ஏறியும் சேறு காயவில்லை. ரிஸானா தன் புத்தகக் கடை வாசலில் குந்தியிருந்து, நனைந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ரோட்டோரத்துப் பிளாஸ்டிக் விரிப்பில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த கொப்பிகளின் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பசை, மை, சேறு, எங்கிருந்தோ மிதந்து வந்த மண்ணெண்ணெய், எல்லாம் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நான் மாத்தளை பஸ்ஸிலிருந்து இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தேன். வந்ததும் ஒரு தும்புத்தடியை வாங்கிச் சேற்றைத் தள்ளத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்ர், சர்ர் என்று சீமெந்து குழைக்கும் சத்தம். பக்கத்துச் சலூனில், தரையைக்கூட இன்னும் கழுவவில்லை, மேசன் பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் கொத்தனார் வாசற்படிக்கு மேலே இன்னொரு வரி கல் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"செல்வம் அண்ணே, தண்ணி இன்னும் வடியவே இல்ல. அதுக்குள்ள கல்லா?"

செல்வம்தான் அந்தச் சலூனின் சொந்தக்காரர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "என்ன தங்கச்சி செய்றது? அந்தப் பக்கத்து ஹார்ட்வெயார்க்காரரு நேத்தே வச்சிட்டாரு. நான் வைக்கலன்னா அவருக்குப் போக வேண்டிய தண்ணியும் சேர்ந்து எனக்குத்தானே வரும்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் என் கோபம் இன்னும் கூடியது. செல்வம் கல் வைத்தால் அவருக்குப் போக வேண்டிய தண்ணீரும் சேர்ந்து யாருக்கு வரும்? என் சிநேகிதி ரிஸானாவுக்கு வரும். அவள் கடைக்குத்தான் கல்லே கிடையாது.

போன வாரம் இந்தப் பத்தியில் கண்டி வாவிக்கரை வௌவால்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அம்மா, கொஞ்சம் கோபத்தைக் குறைத்து எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, மன்னிக்க வேண்டும். இந்த வாரம் குறையாது.

ஒரு வரி கல்

அந்தச் சந்தியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு கூட்டம் வைத்து என்னைக் கூப்பிடுவார்கள். அக்குறணையைத் தாண்டி அலவத்துகொடப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டின் ஒரு பக்கம் மேடு, வீடுகளும் தோட்டங்களும். மறுபக்கம் வரிசையாகக் கடைகள். கடைகளுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓயா, சின்ன ஆறு. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் ரோட்டுக்கு இறங்கும். ரோட்டிலிருந்து ஓயாவுக்குப் போக வேண்டும். நடுவில் கடைகள் நிற்கின்றன. இவ்வளவுதான் விஷயம், இதற்கு எஞ்சினியர் வேண்டியதில்லை.

அந்தச் சந்தியில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வந்து போனதும் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு ஒரு வரி கல் கூட்டிக் கட்டுவார். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. முதலில் ஒருவர் கட்டுவார், அதைப் பார்த்து அடுத்தவர், பிறகு அதற்கு அடுத்தவர். இப்படியே வருடக் கணக்கில் கட்டிக் கட்டி, இப்போது சில கடைகளுக்குள் போக வேண்டுமென்றால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதில் ஏறுவதுபோல் ஏற வேண்டும். வயதானவர்களுக்குப் பலகை போட்டுக் கையைப் பிடித்து இறக்கி விடுவார்கள். அதிலும் ஒரு பெருமை வேறு! "நம்ம சந்தியில எல்லாரும் உசாரு" என்பார்கள்.

ரிஸானாவின் புத்தகக் கடை வாடகைக் கடை. அந்த வரிசையில் பாதிக் கடைகளின் சொந்தக்காரர் ஒரு புடவைக்கடை முதலாளி. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அவரிடம் கேட்க வேண்டும். வாசலில் கல் வைக்க ரிஸானா எத்தனையோ தரம் கேட்டாள். "முகப்பு அசிங்கமாப் போயிரும்மா" என்றுவிட்டார். அவருடைய சொந்தக் கடை வளைவில் நிற்கும் ரோஸ் நிற மாடிக் கட்டடம். முன்பு அங்கே வெறும் பள்ளம், ஈரத்தில் சேம்புச் செடி வளர்ந்து கிடக்கும், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெற்றிலை துப்புவார்கள். அதை நிரப்பி உயர்த்திக் கட்டியதால் அவர் கடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை.

அந்த முதலாளி யார் தெரியுமா? வேறு யாருமில்லை, எங்கள் ஆள்தான். என் கணவருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவள். எங்கள் கலியாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

பூட்டிய அலுமாரி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் நெருப்புப் பெட்டி எப்படி வந்தது என்று விளங்காது.

ரிஸானாவும் நானும் கண்டியில் உயர்தர வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள். விஞ்ஞானப் பிரிவு. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரி இருந்தது. உள்ளே வில் தராசு, நீரடர்த்திமானி, வில்லைகள், அழகழகான கண்ணாடிக் குழாய்கள். எல்லாம் தெரியும், எதையும் தொட முடியாது. பூட்டு. சாவி அதிபரிடம். "ஒடைஞ்சா யார் பதில் சொல்றது?" என்று கேட்பார் எங்கள் சேர். வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் படம் வரைவோம், அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவோம். பரீட்சைக்கு அது போதும் என்றார்கள்.

என்ன அநியாயம் அது! இரண்டு வருடம் விஞ்ஞானம் படித்து, ஒரு தராசின் தட்டில்கூட என் விரல் பட்டதில்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் கண்டியில் ஒரு பார்மசிக்கு வேலைக்குப் போனேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ரிஸானா அலவத்துகொடப் பக்கம் கலியாணம் முடித்துப் போய்ப் புத்தகக் கடை போட்டாள். பிறகு அந்த ஊரடங்குக் காலம் வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள், பெரியவர்களும்தான். ஒரு நாள் ரிஸானா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அவள் குரல் கேட்கிறது: "பாலு பொங்குது, தண்ணி ஏன் பொங்கிறதில்ல? வசந்தி, செல்லு பாப்பம்!"

நான் பதில் வீடியோ எடுத்து அனுப்பினேன். பாலின் மேலே ஆடை படிகிறது, அடியிலிருந்து வரும் ஆவி அதற்குள் மாட்டிக்கொண்டு அதைத் தள்ளித் தூக்குகிறது என்று கரண்டியால் ஆடையை விலக்கிக் காட்டினேன். அப்படித்தான் எங்கள் சேனல் பிறந்தது. "வாளியும் கோப்பையும்" என்று பெயர் வைத்தோம். வீட்டில் இல்லாத ஒரு சாமானும் பாவிப்பதில்லை என்பது எங்கள் சட்டம். பூட்டி வைக்க எங்களிடம் அலுமாரியும் இல்லை.

அட்டை கடிப்பது ஏன் வலிப்பதில்லை, கண்டியில் விடியற்காலைப் பனி கிண்ணத்துக்குள் இருப்பதுபோல் ஏன் தேங்கி நிற்கிறது, இடியப்பத் தட்டில் ஆவி எங்கே போகிறது, மழைக்கு முந்தி எறும்பு ஏன் ஓடுகிறது. இப்படி என்னென்னவோ போட்டோம். எல்லா வயதினருக்கும் என்று கீழே எழுதுவோம். உண்மையும் அதுதான். சோறு ஊட்டும்போது எங்கள் வீடியோ இல்லாவிட்டால் வாய் திறக்காத குழந்தைகள் இருக்கின்றன. நாவலப்பிட்டியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு புதுக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

மற்றவர்களும் இருக்கிறார்களே! "பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒருவர். ரிஸானா "சொல்லு" என்பதை "செல்லு" என்பாள், "இருக்கு" என்பதை "ஈக்குது" என்பாள், அது அவர்கள் பக்கத்துப் பேச்சு. அதற்கு "முதல்ல தமிழ் படிங்க" என்று இன்னொருவர். எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது ஒரே வசனம்: "சின்னப்பிள்ளை விளையாட்டு." அந்த வசனத்தை நினைவில் வைத்திருங்கள்.

பேக்கரித் தட்டில் ஒரு சந்தி

சேறு தள்ளிய அன்று மத்தியானம், இருவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். ரிஸானா காய்ந்த கொப்பி ஒன்றைத் திறக்கப் பார்த்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிட்டன. அதைத் தூக்கிக் குப்பைப் பெட்டியில் எறிந்துவிட்டுச் சொன்னாள்: "வசந்தி, இதை ஒரு வீடியோவா போடுவமா?"

சந்தியிலுள்ள பேக்கரியில் பாண் அடுக்கும் பெரிய அலுமினியத் தட்டை இரவல் வாங்கினோம். மண்ணும் களிமண்ணும் போட்டு மேடு, ரோடு, ஓயா எல்லாம் அமைத்தோம். கடைகளுக்கு நெருப்புப் பெட்டிகள். நனையாதிருக்கச் செலோடேப் சுற்றி, வாய் ரோட்டைப் பார்த்தபடி வரிசையாக ஒட்டினோம். வளைவில் நிற்கும் மாடிக் கட்டடத்துக்கு ஒரு தகரப் பென்சில் பெட்டி. ரிஸானா ரோட்டின் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை நடந்து நடந்து பார்த்து, எது மேடு, எது பள்ளம் என்று ஒன்றும் பிசகாமல் வைத்தாள்.

வாளியிலிருந்து கோப்பையால் தண்ணீர் ஊற்றினோம். முதல் தரம் எல்லாக் கடைக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் போனது. பிறகு ஒரு கடை வாசலுக்குப் பிளாஸ்டிசின் விளையாட்டுக் களிமண்ணால் படி கட்டினோம். பக்கத்துக் கடைக்குக் கூடுதலாகப் போனது. அதற்கும் கட்டினோம். அடுத்ததற்குப் போனது. கடைசியில் எல்லாவற்றுக்கும் கட்டி ஒன்றுக்கு மட்டும் கட்டாமல் விட்டோம். அந்த ஒன்றுக்குள் ரோட்டுத் தண்ணீரெல்லாம் பாய்ந்தது. உள்ளே ரிஸானா வைத்திருந்த சின்ன அழிரப்பர் மிதந்து வெளியே வந்தது.

"அது நாந்தான்" என்றாள் ரிஸானா கெமராவைப் பார்த்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒருவர் பெயரும் சொல்லவில்லை. சந்தியின் பெயரும் சொல்லவில்லை. தண்ணீர் மறைந்து போவதில்லை, என் வாசலில் தடுத்தால் அடுத்த வாசலுக்குப் போகும், அவ்வளவுதான் சொன்னோம்.

பெரிய மாமாவின் போன் கோல்

எங்கள் வீடியோக்களுக்கு எப்போதும் வரும் கூட்டம்தான் முதலில் வந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சந்தி வியாபாரிகளின் போன் குரூப்பில் போட்டுவிட்டார். அதோடு தொடங்கியது பாருங்கள் திருவிழா.

"நம்ம சந்தியைக் கேவலப்படுத்திட்டாங்க." "இதைப் பார்த்தா யாவாரத்துக்கு யாரு வருவா?" "பின்னால யாரோ இருக்காங்க." அட கடவுளே! எங்களுக்குப் பின்னால் இருந்தது ஒரு வாளி, ஒரு கோப்பை. நேற்றுவரை சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொன்னவர்கள், ஒரே நாளில் அதைச் சதி என்றார்கள். சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு இப்படிப் பயப்படுவார்களா பெரியவர்கள்?

அன்று நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சிவா சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"பெரியப்பா கோல் எடுத்தாரு" என்றார்.

"என்னவாம்?"

"அந்த வீடியோவை அழிச்சிரச் சொல்றாரு."

"எதுக்கு அழிக்கணும்? பொய்யா சொன்னோம்?"

"பொய்யின்னு அவரும் சொல்லல வசந்தி. நம்ம வீட்டுப் பொண்ணே நம்ம பேரைக் கெடுக்கலாமான்னு கேக்குறாரு. விட்டுடேன். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவரு மொகத்துலதான் முழிக்கணும்."

"அவரு மொகத்துல முழிக்கிறதுக்காக ரிஸானா சேத்துல முழிக்கணுமா?"

சிவா மறுபடியும் தட்டையே பார்த்தார். நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் இப்படித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் ஊரில் பாதி அநியாயம் நடக்கிறது என்று நான் அன்று அவரிடமே சொன்னேன். அதற்கும் அவர் தலையாட்டினார்.

மறுநாள் ரிஸானா கோல் எடுத்தாள். பெரிய மாமா ஆள் அனுப்பியிருக்கிறார். வீடியோவை அழிக்க வேண்டும், இல்லையென்றால் கடையைக் காலி பண்ண வேண்டும்.

"அழிச்சிருவம் வசந்தி."

"நீயா சொல்ற? நீதானே போடுவம்னு சொன்ன?"

"நாந்தான் சென்னேன். ஒனக்குக் கோவம் வந்தா கோவம் மட்டுந்தான். எனக்குக் கடை போகுது. பள்ளிக்கூடம் ஈக்குது பக்கத்துல, பிள்ளைகள் வாங்கிற கடை. இதை விட்டா நான் எங்க போய் கொப்பி விக்கிற?"

அவள் சொன்னது உண்மை. நான் மாதச் சம்பளக்காரி, பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்விடுவேன். வெள்ளமும் அவளுக்கு, மிரட்டலும் அவளுக்கு. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. தண்ணீர் எங்கே போகும் என்று காட்டியதற்கா ஒருத்தியின் கடையைப் பிடுங்குவது? எந்த ஊர் நியாயம் இது?

"நான் போய் அவர்கிட்டப் பேசுறேன். அதுக்குப் பிறகும் நீ அழிக்கச் சொன்னா, என் கையாலேயே அழிக்கிறேன்" என்றேன்.

பெரிய மாமாவுக்கு நானே கோல் எடுத்தேன். அவர் கத்தவில்லை. அவர் ஒருநாளும் கத்த மாட்டார். "ஏம்மா வசந்தி, வர்ற பௌர்ணமி, போயா லீவுக்குக் கடை மூடித்தான் இருக்கும். எல்லா முதலாளிமாரையும் வரச் சொல்றேன். நீயும் வா, அந்தப் புள்ளையும் வரட்டும். அந்தத் தட்டையும் கொண்டாங்க. எல்லாரும் பார்த்துச் சிரிச்சிட்டு, அதோட முடிச்சிருவோம்" என்றார்.

லட்சுமி படம்

கூட்டம் அவருடைய ரோஸ் கட்டடத்தின் மேல்மாடியில். சுற்றிலும் துணிக் கட்டுகள், புதுத் துணியின் கஞ்சி வாசனை. பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தன. பெட்டிஸும் தேத்தண்ணியும் வந்தன. ஹார்ட்வெயார்க்காரர், பேக்கரி முதலாளி, செல்வம், இன்னும் வரிசையிலிருந்த எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூட ரிஸானாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வம் மட்டும் ஒரு பெட்டிஸை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

மேசையில் தட்டை வைத்தோம். ரிஸானா பழக்கத் தோஷத்தில் போனை நிமிர்த்தி வைத்து வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

பெரிய மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

"இதுல என் கடை எது?"

"அந்தத் தகரப் பெட்டி மாமா."

"பேரு இல்லையே! இவ்வளவு பெரிய கடை, ஒரு போர்டு இல்லாமலா?" என்று சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். துணிப் பொதிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றை மேசை லாச்சியிலிருந்து எடுத்தார். லட்சுமி படம், கீழே கடைப் பெயர். அதைத் தன் கையாலேயே பென்சில் பெட்டியின் முன்பக்கம் ஒட்டினார். "இப்பத்தான் கடை மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு இன்னொரு குறையும் கண்டுபிடித்தார். "என் கட்டடத்துக்கு அடியில தண்ணி போக குழாய் போட்டிருக்கேனே, அது எங்க?"

நியாயமான கேள்வி. ரிஸானா கைப்பையில் கிடந்த யோகட் பானத்து ஸ்ட்ரோவை எடுத்து, வெட்டி, பென்சில் பெட்டிக்கு அடியில் செருகினாள். "குழாய் வச்சாச்சி முதலாளி" என்றாள்.

"ம், இப்ப ஊத்துங்க."

யார் ஊற்றுவது? நான் ஊற்றினால் வேண்டுமென்றே செய்தேன் என்பார்கள். செல்வத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அவர் சலூனில் தலைக்குத் தண்ணீர் விடும் அதே பக்குவத்தோடு, மேட்டின் மேல் மெதுவாகக் கோப்பையைச் சரித்தார்.

தண்ணீர் இறங்கி ரோட்டில் நின்றது. முன்பு நடந்ததுபோலவே ரிஸானாவின் நெருப்புப் பெட்டிக்குள் பாய்ந்தது. "பாருங்க, பாருங்க" என்றார் யாரோ. செல்வம் நிறுத்தவில்லை. இன்னொரு கோப்பை. ரிஸானாவின் பெட்டி நிறைந்துவிட்டது. தண்ணீர் ரோட்டில் உயர்ந்தது. ஹார்ட்வெயார்க்காரரின் படியைத் தொட்டது, தாண்டியது. பேக்கரிக்குள் போனது. கட்டிய படிகள் எல்லாம் இப்போது உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்ட்ரோவிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு ஒரு துண்டுச் சருகு அடைத்து அதுவும் நின்றுவிட்டது.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் தங்கள் தங்கள் நெருப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீர் பென்சில் பெட்டிக்கு வந்தது. லட்சுமியின் தாமரையைத் தொட்டது. பாதத்தைத் தொட்டது. களிமண் கலந்த சேற்றுத் தண்ணீர்.

"ஐயையோ, லட்சுமி!" என்றார் பெரிய மாமா. யாரும் தடுப்பதற்கு முன் குனிந்து பென்சில் பெட்டியை வெடுக்கென்று தூக்கிவிட்டார்.

கொளக் என்று ஒரு சத்தம்.

அவர் பெட்டியைத் தூக்கிய இடைவெளியால் தண்ணீர் அவ்வளவும் ஓயாவுக்குப் பாய்ந்தது. ரோடு தெரிந்தது. படிகளுக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை. செல்வத்துக்குக் கை நிற்கவில்லை போலிருக்கிறது, கோப்பையில் மிச்சமிருந்ததையும் ஊற்றினார். அதுவும் நேரே அந்த வளைவால் இறங்கிப் போய்விட்டது. ஒரு கடைக்குள்ளும் போகவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் இதைத் திட்டமிடவில்லை. எனக்கே அதுவரை தெரியாது. படிகள்தான் பிழை என்றே நானும் நினைத்திருந்தேன். வளைவுப் பள்ளத்தில் முன்பு சேம்பு வளர்ந்ததே, தண்ணீர் ஓயாவுக்கு இறங்கிய வழி அதுதானே என்று விஞ்ஞானம் பேசும் நான் ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

பெரிய மாமா பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சேற்றுத் தண்ணீர் வெள்ளை வேட்டியில் வடிந்தது. அத்தனை கடைகள் மூழ்கும்போது கை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர், தன் கடையை மட்டும் தூக்கினார்! வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேசியது செல்வம். யாரையும் கடிந்து பேசத் தெரியாத செல்வம். காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"முதலாளி, அதைத் திரும்ப வைங்க, பார்ப்போம்."

பெரிய மாமா வைக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் லட்சுமியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார்.

மேசன் பாஸ் வந்தார்

அதற்குப் பிறகு வீடியோவை அழிக்கச் சொல்லி யாரும் கோல் எடுக்கவில்லை. கூட்டத்தில் பதிவானதை ரிஸானா இன்னும் போடவில்லை, போனில் பத்திரமாக இருக்கிறது. கடையைக் காலி பண்ணச் சொல்லியும் ஆள் வரவில்லை. ரோஸ் கட்டடம் அப்படியே நிற்கிறது. பிரதேச சபைக்கு எழுத வேண்டும் என்று ஹார்ட்வெயார்க்காரர் பார்க்கிற நேரமெல்லாம் சொல்கிறார், இன்னும் எழுதவில்லை. போன வாரம் ஒரு கலியாண வீட்டில் பெரிய மாமா என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன் மாமா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் ஒன்று செய்தார். கூட்டம் முடிந்து கொஞ்ச நாளில், நான் ரிஸானா கடையில் இருந்தபோது, ஒரு ஆட்டோ வந்து நின்றது. மேசன் பாஸ் இறங்கினார். பின்னால் சீமெந்துப் பை, கல்.

"முதலாளி அனுப்பினாரு. உங்க வாசலுக்கு ஒரு வரி வச்சிக் குடுக்கச் சொன்னாரு. காசு ஒன்னும் வேணாமாம்."

எத்தனை வருடம் கேட்டு அலைந்த கல்! இப்போது வாசலில் வந்து நிற்கிறது, வாயை அடைக்க. நான் எழுந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். ரிஸானா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இது அவளுடைய வாசல், அவள்தான் பேச வேண்டும்.

அவள் வெளியே போய்க் கல்லைப் பார்த்தாள். பிறகு பக்கத்துச் சலூனைப் பார்த்தாள். செல்வம் யாருக்கோ முகம் மழித்துக்கொண்டிருந்தவர், கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இறக்காதீங்க பாஸ்" என்றாள். "என்ட வாசல்ல இதை வச்சா, எனக்கு வார தண்ணி செல்வம் அண்ணன்ட கடைக்குப் போகும்."

பாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வேணாம்னா சொல்றீங்க? சும்மா குடுக்கிற கல்லு!"

"வேணாம். முதலாளிகிட்டச் செல்லுங்க, எனக்குக் கல்லு வேணாமாம், அந்த வளைவுதான் வேணுமாம்."

ஆட்டோ திரும்பிப் போனது. மாத்தளைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, காற்றில் மண் வாசனை. ரிஸானா உள்ளே வந்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கீழ்த் தட்டிலிருந்த கொப்பிகளை மேல் தட்டுக்கு ஏற்றத் தொடங்கினாள். நானும் எழுந்து கை கொடுத்தேன்.